மாரியின் பெயர் ஒட்டிய போத்தல்

மாரியண்ணே, நீ போனில் சொல்லிக்கொண்டே இருந்த அந்தத் தண்ணீரை நான் பார்த்துவிட்டேன். கடல் என்றும் சொல்ல முடியவில்லை, குளம் என்றும் சொல்ல முடியவில்லை. நீ சொன்னது சரிதான். நீ சொன்ன மற்ற விஷயங்களும் சரிதானா என்று பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனேன். உன்னிடம் அதை மறைத்து இனி என்ன ஆகப்போகிறது.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாரிமுத்து என் அண்ணன். எங்களுக்குக் கோவில்பட்டி. நான் எட்டாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறேன். அண்ணன் ஒன்பது வருடம் குடித்தான். மதுரைப் பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருந்து குடியை விட்டான். விட்ட பிறகும் அங்கேயே தங்கி, புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுகிற வேலையில் சேர்ந்தான். இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் இதே மாதிரி ஒரு வீடு இருந்தது. போதையை விட்டவன் ஒருவன் கூடவே இருந்தால் விடப் பார்க்கிறவன் தாக்குப்பிடிக்கிறானா என்று அங்கே ஓர் ஆய்வு நடத்தினார்கள். தமிழ் பேசுகிற ஆள் வேண்டும் என்று கேட்டதால் அண்ணன் போனான்.

பத்தாவது மாதம் செத்துப்போனான்.

உடம்பை அங்கேயே புதைத்துவிட்டார்கள். எலிக்காய்ச்சல் என்று இறப்புச் சான்றிதழில் இருந்தது. அதோடு அந்த வீட்டுப் பொறுப்பாளர் எழுதிய கடிதமும் வந்தது. சாவதற்கு மூன்று வாரம் முன்னால் எடுத்த சிறுநீர்ச் சோதனையில் அண்ணன் உடம்பில் ஐஸ் என்கிற போதைப்பொருள் இருந்ததாகவும், அதனால் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்ததாகவும் எழுதியிருந்தார். எங்கள் தெருவுக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. "காய்ச்சல்னுதான் எழுதுவாங்க. வேற எப்படி எழுதுவாங்க" என்று என் காதுபடவே பேசினார்கள். அம்மா அண்ணனுடைய போட்டோவைச் சுவரில் மாட்டாமல் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டாள். "அவன் திரும்ப விழுந்தானா இல்லையான்னு தெரியட்டும். அப்புறம் மாட்டுறேன்" என்றாள்.

அவன் சாமான்களை வாங்கிப்போகவும், ஒரு தாளில் கையெழுத்துப் போடவும் வீட்டிலிருந்து யாராவது வர வேண்டும் என்று கூப்பிட்டார்கள். என்ன தாள் என்று சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது.

முதல் நாளே ஏமாந்தேன். என்னை யாரும் ஏமாற்றவில்லை, நானே ஏமாந்தேன். யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது, யார் எதைத் தந்தாலும் வாங்கக் கூடாது என்று முடிவோடு போயிருந்தேன். விமானம் இறங்கி ராத்திரி பஸ் பிடித்தேன். விடிந்ததும் கண்டக்டர் "செங்கலடி, செங்கலடி" என்று கத்தினார். பாதிப் பேர் இறங்கினார்கள். கடைகள், சந்தை, பஸ் எல்லாம் இருந்தன. இதுதான் மட்டக்களப்பாக இருக்கும் என்று நானும் இறங்கிவிட்டேன். போர்டைப் பார்த்த பிறகுதான் இன்னும் போக வேண்டும் என்று தெரிந்தது. அப்போதும் யாரிடமும் கேட்காமல், கூட்டம் ஏறிய பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

பஸ் வயலுக்கு நடுவே போய்க்கொண்டே இருந்தது. டவுன் வருகிற மாதிரித் தெரியவில்லை. பக்கத்தில் காய்கறிச் சாக்கோடு ஒரு சிங்களத்து அம்மா. அவர் என்னைப் பார்ப்பார், பிறகு கண்டக்டரைப் பார்ப்பார், ஏதோ சொல்வார். நான் பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டேன்.

"தங்கச்சி, எங்க போறீங்க?" கண்டக்டர் வந்து நின்றார்.

"டவுனுக்கு."

"எந்த டவுனுக்கு?"

"மட்டக்களப்பு."

முன் சீட்டு, பின் சீட்டு எல்லாம் சிரித்தது. "இது கரடியனாறுக்குப் போற பஸ். மட்டக்களப்பு உங்களுக்குப் பின்னால கிடக்கு. இப்பிடியே போனீங்க எண்டா பதுளைக்குப் போய்ச் சேருவீங்க."

பக்கத்து அம்மா மறுபடி சிங்களத்தில் பேசினார். கண்டக்டர் எனக்குத் தமிழில் சொன்னார்: "இந்தப் புள்ள ஏறின நேரத்தில இருந்து அழுதுகிட்டு வருது. சிரிக்காம சரியான பஸ்ஸில ஏத்திவிடு எண்டு என்னய ஏசுறா."

நான் அழுதுகொண்டு வந்தது எனக்கே தெரியவில்லை. முகத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமாகத்தான் இருந்தது. அந்த அம்மா சாக்கைக் கிளறி ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார். வாங்கிப் பையில் போட்டேன், சாப்பிடவில்லை. பஸ்ஸில் மயக்க மருந்து ஏற்றிய பழம் கொடுத்து நகையைக் கழற்றிக்கொள்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். என்னிடம் கழற்ற ஒரு நகையும் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கரடியனாறில் கண்டக்டரே ஒரு கடையில் என்னை உட்கார வைத்து, "அடுத்த பஸ்ஸில ஏத்தி விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே பாண் என்றால் ரொட்டி. தேங்காய்ச் சம்பலோடு தந்தார்கள். எங்கள் ஊர்ச் சட்னிக்குத் தண்ணீர் சேர்ப்போம், இவர்கள் சேர்ப்பதில்லை. உறைப்பு மூக்கில் ஏறியது. பால் இல்லாத தேநீர் தொண்டையில் இறங்கியபோது கொஞ்சம் தெம்பு வந்தது.

மட்டக்களப்பு டவுனுக்குப் போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. ஆய்வு ஆபீசில் இருந்தவர் பெயர் மெரினா மிஸ். வெள்ளையாக இருந்தார், கவுன் போட்டிருந்தார், நான் இங்கிலீஷ் வராதே என்று பயந்தேன். அவர் வாயைத் திறந்ததும் கண்டக்டர் பேசிய அதே தமிழ் வந்தது.

"என்ன பாக்கிறீங்க மகள்? நாங்க பறங்கியர். எந்தக் காலத்திலயோ கப்பல்ல வந்து, போக மறந்த ஆக்கள்" என்று சிரித்தார். கேக் வெட்டித் தந்தார். பிறகு அந்தத் தாளை எடுத்தார். அண்ணனைப் பற்றிய தகவல்களை ஆய்வில் சேர்க்க வீட்டார் சம்மதம் என்று அதில் இருந்தது.

"எங்க அண்ணனைப் பத்தி என்ன எழுதி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

ஒரு பெரிய தாளை விரித்தார். பெயர் இல்லை, எண் மட்டும். ஒரு வரிசையில் விரல் வைத்தார். வாரத்துக்கு ஒரு கட்டம். சோதனையில் ஒன்றும் இல்லையென்றால் வட்டம். அண்ணன் வரிசை முழுக்க வட்டம், வட்டம், வட்டம். கடைசிக் கட்டத்தில் மட்டும் பெருக்கல் குறி. புள்ளடி என்று மிஸ் சொன்னார்.

"நான் கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்?"

"இந்த வரிசையும் அறிக்கையில சேரும்."

"சேந்தா?"

மிஸ் தாளிலிருந்து விரலை எடுத்தார். "போதைய விட்ட ஆக்கள வேலைக்கு வைக்கிறது சரியா எண்டு மேல உள்ளவங்க கேக்கிறாங்க. அதுக்குப் பதில் சொல்லத்தான் இந்த ஆய்வு. உதவிக்கு வந்தவரே விழுந்திட்டாரு எண்டா, அந்தப் புள்ளடிக்குப் பாரம் கூட. உங்களுக்கு நான் பொய் சொல்லல்ல."

நான் கையெழுத்துப் போடவில்லை. கேக் மட்டும் நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததாலேயே கூடுதலாகச் சந்தேகப்பட்டேன். தங்கிய அறைக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு, பசி தாங்காமல் அந்தக் கொய்யாப்பழத்தைத் தின்றேன். வெறும் கொய்யாப்பழம்தான்.

இரண்டாம் நாள் அண்ணன் இருந்த வீட்டுக்குப் போனேன். அண்ணன் சொன்ன அந்தத் தண்ணீரை அங்கே வாவி என்கிறார்கள், பேச்சில் ஆறு என்றும் சொல்கிறார்கள். வீடு வாவிக்கு அந்தப் பக்கம், மண்டூரில். குருமண்வெளித் துறையில் நின்றவர் "பாதை வருது, கொஞ்சம் நில்லுங்க" என்றார். ஆளும் மோட்டார் சைக்கிளும் ஏற்றிக்கொண்டு தட்டையாக ஒன்று மிதந்து வந்தது. இந்தப் பக்கம் அதைத்தான் பாதை என்கிறார்கள். அண்ணன் போனில் "பாதையில போயிட்டிருக்கேன்" என்று சொல்லும்போதெல்லாம் நான் ரோட்டில் நடக்கிறான் என்றே நினைத்திருந்தேன்.

நடுத் தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டது. ஒருவரும் பதறவில்லை. நான்தான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பின்னால் இரண்டு பேர் என்னைப் பற்றிப் பேசுவது கேட்டது.

"ஆரு அது?"

"அந்த இந்தியாக்காரன்ட தங்கச்சியாம்."

"எவன்? குடிய விடப் படிப்பிக்க வந்து ஐஸ்ஸில மாட்டின மனிசனா?"

"வாத்தியாரே சோதனையில பெயில். புள்ளைகள் எங்க பாஸாகிற?"

திரும்பி, "எங்க அண்ணன்தான். இன்னும் ஏதாவது இருந்தா என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க" என்றேன். இரண்டு பேரும் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதில் ஒருவர், "குறை நினைக்காத தங்கச்சி. நல்ல மனிசன். என்ட மச்சான்காரனுக்கு மணிக்கணக்கா இருந்து கதைச்சவரு" என்றார். நல்ல மனிசனா, ஐஸ் அடிக்கிற மனிசனா? இரண்டில் ஒன்றைச் சொல்லித் தொலையுங்கள் என்று நினைத்துக்கொண்டேன். இன்ஜின் கிளம்பியது.

வீட்டில் ஒரு மாமரம். அதன் கீழே ஆண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். பொறுப்பாளர் ஜெயந்தன் சார் வாசலில் நின்றார். அங்கே சார் என்பதை 'சேர்' என்கிறார்கள், வாசல் கேட்டைப் 'படலை' என்கிறார்கள். சுவரில் விதிகள் ஒட்டியிருந்தன. ஒன்றொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். இரண்டு புள்ளடி விழுந்தவர் வெளியேற வேண்டும். நீதிமன்றம் அனுப்பியவராக இருந்தால் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பப்படுவார். அங்கே வேலை பார்ப்பவருக்கு ஒரு புள்ளடி போதும்.

திங்கட்கிழமைதோறும் எல்லோரும் சிறு போத்தலில் சிறுநீர் கொடுக்க வேண்டும். வேலைக்கு வந்த அண்ணனும் கொடுக்க வேண்டும். போத்தலில் பெயர்ச் சீட்டு ஒட்டுவதும், அதை ரெஜிபோம் பெட்டியில், அதாவது நம் ஊர் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, பாதை ஏறி டவுனில் கொண்டுபோய்க் கொடுப்பதும் அண்ணனுடைய வேலை. ஜெயந்தன் சார் இதையெல்லாம் மறைக்காமல் சொன்னார். மறைக்காமல் சொல்கிறவர் வேறு எதையோ மறைக்கிறார் என்று எனக்குப் பட்டது.

"வேலையில இருந்து நிறுத்தின பிறகு எங்க இருந்தான்?"

"தவராசா எண்டு ஒருத்தன். ஆத்தில மீன் பிடிக்கிறவன். கோர்ட்டால எங்களுக்கு அனுப்பின ஆள்தான். இப்ப வீட்ட இருந்து கிழமைக்கு ஒருக்கா வந்து போறான். அவன்ட வீட்ட இருந்துகிட்டு வயல் வேலைக்குப் போனவரு உங்கட அண்ணன். வட்டைக்குள்ள, அந்த வயல் தண்ணிக்குள்ள நிண்டுதான் எலிக்காய்ச்சல் பிடிச்சிருக்கணும்." நிமிராமல் சொன்னார். "காய்ச்சல் தொடங்கின அண்டைக்கு இங்க வந்தவரு. நடுக்கம், உடம்பு நோவு, வாய் குழறுது. ஐஸ்ஸ விட்ட ஆக்களுக்கும் உடம்பு இப்பிடித்தான் முறிஞ்சு விழும். நான் குளிசை ரெண்டு குடுத்து, போய்ப் படுங்க எண்டு சொன்னன்."

"காய்ச்சல்னு அவன் சொல்லலியா?"

"சொன்னவரு." அவர் குரல் இறங்கிவிட்டது. "அந்தப் புள்ளடிக்குப் பிறகு அவரு சொன்ன ஒண்டும் என்ட காதுல ஏறல்ல, புள்ள. தவராசாவும் அண்டைக்குப் படலையடியில வந்து நிண்டவன். உள்ள வா எண்டு கூப்பிடக்கொள்ள போயிட்டான். அவனும் வந்து சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்கு ஏத்தியிருப்பன்."

நான் அந்த மனிதரைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எழுதிவிடுகிறேன். காய்ச்சல் தொடங்கிய அதே நாள் சாயங்காலம் அண்ணன் எனக்குப் போன் போட்டான். வார்த்தை இழுத்து இழுத்து வந்தது. "தங்கச்சி, உடம்பு ஒரு மாதிரி..." என்றான். ஒன்பது வருடம் கேட்ட இழுப்பு அது. நான் "குடிச்சிருக்கியா?" என்று கேட்டேன். "இல்லத்தா, காய்ச்..." என்றான். "பொய் சொல்லாத, வை போன" என்று நானே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவன் எனக்குப் போன் பண்ணவே இல்லை. குடிகாரன் வீட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் இப்படித் தப்பு நடக்கும். காய்ச்சலில் பேசினாலும் நமக்குச் சாராய வாடை வரும்.

ஜெயந்தன் சார் அண்ணனுடைய பையைக் கொடுத்தார். இரண்டு சட்டை, சார்ஜர், நான் அனுப்பிய கடலைமிட்டாயில் பாதி, ஒரு நோட்டு. நோட்டில் ஒரு பக்கத்தில், "ரெண்டாவது தடவை விழுந்தவனை வெளியே அனுப்புகிறோம். வெளியே என்றால் எங்கே? மீட்டிங்கில் கேட்கணும்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தான். கேட்டானா என்று சாரிடம் கேட்டேன். "எல்லா மீட்டிங்கிலயும் கேட்டவரு. எனக்கும் பதில் தெரியா. விதிய எழுதினது நான் இல்லையே" என்றார்.

மூன்றாம் நாள் தவராசா வீட்டுக்குப் போனேன். போகும்போதே தீர்மானம் பண்ணிவிட்டேன், அண்ணனுக்கு ஐஸ் கொடுத்தவன் இவன்தான் என்று. கண் முழித்து வலை போடுகிறவர்கள் அதை இழுக்கிறார்கள் என்று பாதையில் வரும்போது பேசிக்கொண்டார்கள். வேறு யார் கொடுத்திருப்பார்கள்?

அவர் மனைவி பூமணி அக்கா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க வாங்க, இரிங்க. அதே மூக்கு, அதே முழி" என்றார். இறால் குழம்பு, மீன் பொரியல், சோறு வைத்து, எருமைத் தயிர்ச் சட்டியை முன்னால் நகர்த்தினார். எங்கள் வீட்டில் விருந்தாளிக்கு இதில் பாதி வைத்தாலே அதிகம். கறியில் தேங்காய்ப்பால் தித்தித்தது. தவராசா முற்றத்தில் வலையைப் போட்டுக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார். தப்புச் செய்தவன் வீட்டில்தான் இவ்வளவு இறால் வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே நானும் இரண்டாம் தரம் சோறு வாங்கினேன்.

"உங்கட அண்ணன் நல்லாச் சாப்பிடுவாரு. பக்கத்து வளவில கசிப்பு மணந்தா மட்டும் சோத்துக் கோப்பையத் தூக்கிக்கிட்டு ஆத்தங்கரைக்கு ஓடிருவாரு" என்று பூமணி அக்கா சொன்னார். கசிப்பு என்றால் அங்கே காய்ச்சுகிற சாராயம்.

கையைக் கழுவிவிட்டு நேரே முற்றத்துக்குப் போனேன். "எங்க அண்ணனுக்கு ஐஸ் குடுத்தது நீங்கதானே?"

அவர் வலையைக் கீழே வைத்தார். "நான் ஒண்டும் குடுக்கல்ல. அவருதான் எனக்குக் குடுத்தவரு. அவர்ட போத்தல."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். அவருக்கு ஏற்கெனவே ஒரு புள்ளடி இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தோணியில் கூட்டாளி கொடுக்க, ஐஸ் இழுத்துவிட்டார். மறுநாள் போத்தலை நீட்டும்போது அண்ணனிடம், "மச்சான், இண்டைக்கு எனக்கு ரெண்டாவது புள்ளடி. மறுகா மறியல்தான்" என்று சொல்லியிருக்கிறார். அங்கே மறியல் என்றால் ஜெயில். அண்ணன் ஒன்றும் பேசாமல் சீட்டு ஒட்டினான். தன் பெயரை அவர் போத்தலிலும், அவர் பெயரைத் தன் போத்தலிலும்.

"முடிவு வரக்கொள்ள எனக்கு வட்டம், அவருக்குப் புள்ளடி. ஓடிப்போய் என்ன வேலைடா பாத்த எண்டு சட்டையப் பிடிச்சன். 'எனக்கு ஒரு புள்ளடி விழுந்தா வேலைதான் போகும். அம்மா திட்டிக்கிட்டே சோறு போடுவா. உனக்கு விழுந்தா நீயே போயிருவ. ஒரு தடவ என் போத்தல்ல பாஸாயிட்ட, இனிமே உன் போத்தல்ல பாஸாகு' எண்டு சொன்னவரு. கோர்ட்டு சொன்ன என்ட ஆறு மாசம் முடியுமட்டும் வாய் திறக்கப்படாது எண்டு சத்தியம் வாங்கிப்போட்டாரு."

"நீங்க இப்போ கதை கட்டுறீங்கன்னா?"

"கட்டலாம். சாட்சி ஒண்டும் இல்ல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காய்ச்சல் தொடங்கின அண்டைக்குச் சொல்லத்தான் போனன். படலையப் பிடிச்சிக்கிட்டு நிண்டன். சேர் கூப்பிட்டவரு. சத்தியத்த நினைச்சனா, மறியல நினைச்சனா எண்டு எனக்கே தெரியா. திரும்பி வந்திட்டன்."

அந்தப் படலை விஷயத்தை ஜெயந்தன் சார் முந்தின நாளே சொல்லியிருந்தார். ஏன் திரும்பிப் போனான் என்று அவருக்குத் தெரியவில்லை. இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. என் அண்ணன் விழவில்லை. அது சந்தோஷமா என்ன என்று எனக்கு அந்த நேரத்தில் சொல்லத் தெரியவில்லை. எதிரில் இருக்கிற மனிதனுடைய அழுக்கைத் தன் பெயரில் ஒட்டிக்கொண்டு, அந்தப் பெயராலேயே காய்ச்சலைக் காய்ச்சல் என்று நம்ப ஆளில்லாமல் செத்திருக்கிறான். அந்த ஆள் வீட்டு இறாலை நான் தின்றிருக்கிறேன். அவரை அடிக்கலாம் போல இருந்தது.

"மூண்டாம் நாள் நான்தான் பாதையில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனன்" என்றார். "கண் ரெண்டும் மஞ்சள். என்ட மடியில தலைய வச்சிக்கிட்டு, 'எந் தங்கச்சி நான் குடிச்சிருக்கேன்னு நெனச்சிட்டா' எண்டு சொல்லிச் சிரிச்சவரு. 'அவள் எடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் நெனப்பேன்' எண்டாரு."

நான் முற்றத்து மணலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் போனைப் பற்றி நான் அந்த ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அண்ணன் சொல்லாமல் இவருக்குத் தெரிய வழியே இல்லை.

பூமணி அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ட மனிசன மறியலுக்கு அனுப்பிப்போடுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். அண்ணனைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். தண்ணீருக்குப் பக்கத்தில் வெறும் மணல்மேடு. மீதிக் கடலைமிட்டாயை வைத்தேன். நான் அங்கிருந்து திரும்புவதற்குள் எறும்பு வந்துவிட்டது.

நான்காம் நாள் மறுபடி டவுன், மறுபடி மெரினா மிஸ். உண்மையைச் சொன்னால் அண்ணன் பெயர் தப்பும், தவராசா மறியலுக்குப் போவார், அண்ணன் செய்தது வீணாகும். சொல்லாமல் கையெழுத்துப் போட்டால் அண்ணன் காலத்துக்கும் அந்தத் தாளில் விழுந்தவனாகவே இருப்பான். அவனை மாதிரி ஆட்களுக்கு அந்த வேலையும் கிடைக்காது. கையெழுத்தே போடாவிட்டால் அவன் போட்ட அத்தனை வட்டமும் சேர்ந்து போய்விடும். பஸ்ஸில் இதையே திரும்பத் திரும்ப நினைத்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இறங்கினேன்.

"ஒரு போத்தல்ல பேரு மாத்தி ஒட்டியிருந்தா என்ன செய்வீங்க மிஸ்?"

அவர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார். நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"மகள், இத நீங்க ஜெயந்தன்ட்ட சொன்னீங்க எண்டா அது அந்த வீட்டு விசயம். அவரு விதிப்படி செய்யணும். என்னட்ட சொன்னா ஆய்வு விசயம். ஆய்வுக்குள்ள சொன்னத ஆர் கேட்டாலும் சொல்லமாட்டம் எண்டு நானும் கையெழுத்து வச்சிருக்கன்." ஒரு தாளை எடுத்துக் காட்டினார். கீழே அவர் கையெழுத்து இருந்தது.

"நான் எப்படி நம்புறது?"

"நம்ப ஏலாட்டிச் சொல்லாதீங்க."

ஜெயந்தன் சார் அண்ணனை நம்பவில்லை. நானும் நம்பவில்லை. இரண்டு பேருமே ஏமாந்துவிடக் கூடாது என்று ரொம்பக் கவனமாகத்தான் இருந்தோம். அதை நினைத்தேன். சொல்லிவிட்டேன். தவராசா பெயரை மட்டும் சொல்லவில்லை.

மிஸ் பெயர் கேட்கவும் இல்லை. அந்தப் பெரிய தாளை விரித்தார். "அந்தத் திங்கள் வந்த போத்தல் எல்லாத்தையும் ஆய்வில இருந்து எடுத்துப்போடுறன். சீட்டு ஒட்டினதில நம்பிக்கை இல்ல எண்டு காரணம் எழுதுவன். அப்ப எந்தப் போத்தல் எண்டு ஆரும் தேடத் தேவையில்ல. ஆனா ஒண்டு, ஒட்டினவரு வேலைய ஒழுங்காச் செய்யல்ல எண்டு வரும். பரவாயில்லையா?"

"அது உண்மைதானே மிஸ்" என்றேன். அவர் சிரித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பெரிய தாளில், அண்ணன் வரிசையின் கடைசிக் கட்டத்தில், புள்ளடியின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார். அந்த வாரத்துக் கட்டங்கள் எல்லாவற்றிலும் இழுத்தார்.

இன்னொன்றும் எழுதச் சொன்னேன். புள்ளடி விழுந்தவன் காய்ச்சல் என்று வந்தால், முதலில் காய்ச்சலாகத்தான் பார்க்க வேண்டும், டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று. மிஸ் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். மேலே அனுப்புவதாகச் சொன்னார். அது அந்த வீட்டுச் சுவரில் ஏறுமா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். பிறகு கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்தில் பேனா ஒரு இடத்தில் தாளைக் கிழித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு, "சின்னதுலேயே அடுத்தவன் வாங்க வேண்டிய அடிய வாங்கிட்டு வர்ற பயதான்" என்றாள். எழுந்து பீரோவைத் திறந்தாள். ஆணி அடிக்கச் சுத்தியல் தேடிக் கிடைக்காமல் அம்மிக்குழவியால் அடித்தாள். சுவர் கொஞ்சம் பெயர்ந்தது. தெருவில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

போன வாரம் தவராசா அண்ணன் போன் போட்டார். ஆறு மாதம் முடிந்துவிட்டதாம், அவரை விட்டுவிட்டார்களாம். "எல்லாம் என்ட சொந்தப் போத்தல், தங்கச்சி" என்றார். "சத்தியம் முடிஞ்சிது. நேத்து ஜெயந்தன் சேர்ட்ட நானே போய் எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். மனிசன் படலையப் பிடிச்சிக்கிட்டு அப்பிடியே நிண்டாரு. இனி நீங்களும் எழுதுங்க." அதனால்தான் எழுதுகிறேன். இருந்தாலும் எனக்கு யார் மேலும் முழு நம்பிக்கை வருவதில்லை. அதனால் அண்ணன் பெயரைத் தவிர மற்றப் பெயர்கள் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கும், தங்கச்சிக்காரி அண்ணனுக்குப் பரிந்து கதை கட்டுகிறாள் என்று சந்தேகம் வரலாம். வரட்டும், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் கும்பிடுகிற சாமி எதுவாக இருந்தாலும், அந்தச் சந்தேகத்தோடேயே அதன் முன்னால் நின்று, கோவில்பட்டி மாரிமுத்து என்று பெயரைச் சொல்லி, என் அண்ணனுக்காக எல்லோரும் ஒருதரம் வேண்டிக்கொள்ளுங்கள்.